கடைசியில் சுகம் வருமா? பழைய திரைப்படங்கள் காட்டிய அங்கவீனர்

போயா விடுமுறை நாளொன்றில் நண்பர் ஒருவரின் இல்லத்தில் மதிய போசனத்தை முடித்துக்கொண்டு, அவர் குடும்பத்தாருடன் கூடியிருந்து பழைய தமிழ்ப் படமொன்றைத் தொலைக்காட்சியிலே பார்த்துக்கொண்டிருந்தோம். படத்திலே ஒரு பாத்திரம் காலை இழுத்து இழுத்து நடந்து வந்தது. அவன் தோன்றும்போதெல்லாம் அதற்கென்றே ஒரு வாத்திய ஓசை. அவன் இடறி விழும்போதெல்லாம் சிரிப்பு. நாமும் சிரித்தோம். அக்கூடத்தில் சிரியாதிருந்தவன் ஒருவனே. அவன் நண்பருடைய பேரன். ஒன்பது வயதுப் பாலகன். பிறவியிலேயே ஒரு கால் வளைந்தவன். இரும்புப் பட்டி பூட்டிய சப்பாத்தைக் கழற்றி அருகில் வைத்துவிட்டுப் பாயிலே அமர்ந்திருந்தான்.

சிறிது நேரத்தின் பின் அவன் திரும்பிக் கேட்டான்: “அம்மம்மா, இவருக்குக் கடைசியிலே கால் சுகம் வருமோ?”

“சுகம் வராமல் படம் எப்பிடி ராசா முடியும்?” என்றார் அம்மம்மா.

அன்பினாற் சொல்லிய விடைதான். ஆயினும் வீடு திரும்பும் வழியெல்லாம் அது எமது மனத்தை உறுத்திக்கொண்டே வந்தது. சுகம் வராமல் படம் முடியாது என்றால், சுகம் வராத காலோடு வாழவேண்டிய அச்சிறுவனின் கதை எங்கே முடிவது? இந்த வினாவை மனத்திற்கொண்டு, இளமையில் நாம் வியந்து பார்த்த படங்கள் சிலவற்றை மறுபடியும் தேடிப் பார்த்தோம். அவ்வாறு பார்த்தபோது கண்டவற்றையே இங்கு வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றோம்.

பூக்காரியின் கண்கள்

சார்லி சப்ளினின் ‘சிற்றி லைற்ஸ்’ 1931 ஆம் ஆண்டில் வெளிவந்தது. பேசும் படங்கள் உலகை ஆட்கொண்டுவிட்ட பின்னரும், பேச்சில்லாமலே ஒரு கதையைச் சொல்லிவிட முடியும் என்ற துணிவோடு எடுக்கப்பட்ட படம் அது. தெருவோரத்தில் பூ விற்கும் கண்பார்வையற்ற பெண்ணொருத்தி, கந்தலுடுத்திய நாடோடி ஒருவனைப் பெருஞ் செல்வனென்று தவறாக எண்ணிக்கொள்கிறாள். பேச்சற்ற படத்தில் இந்தத் தவற்றை எப்படிக் காட்டுவது? இந்த ஒரு காட்சிக்காகச் சப்ளின் முந்நூறு தடவைக்கு மேற் படம்பிடித்தார் என்பது திரையுலக வரலாறு. முடிவில் ஒரு மோட்டார் வண்டியின் கதவு அவருக்கு வழி காட்டிற்று. கதவு சாத்தப்படும் ஒலியைக் கேட்ட பெண், தன் முன் நிற்பவன் அந்த வண்டியிலிருந்து இறங்கியவன் என்று கருதிவிடுகிறாள். பார்வையற்றோர் ஒலியைக் கொண்டு உலகை அறிகின்றனர் என்ற உண்மையை ஒலியில்லாத ஒரு படம் இவ்வளவு நுட்பமாகக் காட்டியது வியப்பன்றோ!

அவளது கண்ணுக்குச் சிகிச்சை செய்யப் பணம் தேடிக் கொடுத்த நாடோடி சிறைக்குப் போகிறான். அவன் மீண்டு வரும்போது அவள் பார்வை பெற்றுக் கடை வைத்திருக்கிறாள். கண்ணாற் பார்த்தபோது அவனை அவள் அறியவில்லை. கையைத் தொட்டபோதுதான் அறிகிறாள். அந்த இறுதிக் காட்சியைக் கண்டு கண் கலங்காதார் அரியர். எனினும் எமது பாலகனின் வினாவோடு பார்க்கும்போது இன்னொன்றும் புலப்படுகின்றது. அப்பெண் பார்வை பெறாதிருந்தால் கதை முடிவதற்கு வழியில்லை. அவளுக்கு ஒரு கடை வேண்டுமானால் முதலில் கண் வேண்டும். பார்வையற்றவளாகவே கடை நடத்தும் ஒருத்தியைக் கற்பனை செய்யச் சப்ளினின் பெருங் கருணைக்குங்கூடத் தோன்றவில்லை.

மணிக்கூண்டிலே ஒரு கூனன்

சுகம் என்பது ஒரு வாசல் என்றால், சாவு மற்றொரு வாசல். ஊமைப் படக் காலத்தின் பெரு நடிகரான லோன் சேனி இந்த இரண்டாவது வாசலால் எத்தனையோ தடவை வெளியேறியவர். அவரது பெற்றோர் இருவரும் செவிப்புலன் இழந்தவர்கள். முகத்தாலும் கையாலும் பேசுங் கலையை அவர் கற்றது தாய் தந்தையரிடமே. இவ்வளவு நெருக்கமாக அங்கவீனத்தை அறிந்த ஒருவருக்குத் திரையுலகம் கொடுத்த பாத்திரங்கள் எவை? 1920 இல் வெளிவந்த ‘த பெனல்ரி’ என்ற படத்தில், வைத்தியரின் தவறாற் சிறுவயதிலே இரு கால்களையும் இழந்து, அதனால் உலகையே பழிவாங்கத் துடிக்கும் குற்றவாளியாக அவர் தோன்றினார். தமது கால்களை மடக்கிப் பின்புறமாக வாரினால் இறுகக் கட்டிக்கொண்டு, வலியைப் பொறுத்து நடித்தார். கதையின் முடிவிலே அவனது தலையில் நடக்கும் சத்திர சிகிச்சையால் அவன் நல்லவனாகிறான். உடனே சுடப்பட்டு இறந்தும் போகிறான். சுகமும் சாவும் ஒரே படத்தில் வந்து சேர்ந்துவிடுகின்றன!

1923 இல் அவர் நடித்த ‘நொத்தர்தாம் கூனன்’ இதைக்காட்டிலும் புகழ் பெற்றது. விக்ரர் ஹியூகோ 1831 இல் வெளியிட்ட பிரெஞ்சு நாவலின் நாயகனான குவாசிமோடோ, கோயில் மணியோசையாற் செவிடாகிப்போன கூனன். 1923 ஆம் ஆண்டுப் படத்திலே அவன் மாண்டு போகிறான். 1939 இல் சார்ள்ஸ் லோட்டன் நடித்த படத்தில் உயிர் பிழைக்கிறான். ஆனால் அவன் காப்பாற்றிய நங்கை இன்னொருவனோடு சென்றுவிட, கோயிலின் உச்சியிற் கற்சிலைகளுக்கு நடுவே தனியனாய் நிற்கிறான். அவனுடைய நெஞ்சம் பொன் என்று படம் சொல்கிறது. அந்தப் பொன்னுக்கு ஒரு வீட்டையோ, ஒரு தோழரையோ கொடுக்க மட்டும் அதற்கு மனம் வரவில்லை.

1932 இல் ரொட் பிறவுணிங் எடுத்த ‘பிறீக்ஸ்’ வேறொரு வகை. அதில் நடித்தோர் வேடம் பூண்டவர்களல்லர். சர்க்கஸ் கூடாரங்களிலே காட்சிப்பொருளாக நின்ற குள்ளர், கை காலற்றோர், ஒட்டிப் பிறந்த இரட்டையர் முதலானோர் தாமாகவே தோன்றினர். படத்தின் முற்பாதியில் அவர்கள் துணி காயப்போடுகிறார்கள், வம்பு பேசுகிறார்கள், பிள்ளை பிறந்ததைக் கொண்டாடுகிறார்கள். கைகால் இல்லாத ஒருவர் வாயினாலேயே சிகரெட்டொன்றைப் பற்றவைக்கிறார். பணத்துக்காகக் குள்ளனொருவனை மணந்து நஞ்சூட்டுபவள் அங்க இலட்சணமெல்லாம் பொருந்திய அழகியே. எனினும் பிற்பாதியில் அதே மனிதர் இடிமின்னல் இரவிற் சேற்றிலே ஊர்ந்துவந்து பழிவாங்கும் பேய்களாக்கப்படுகின்றனர். படம் கண்டோர் அருவருத்தனர். நிறுவனத்தார் அதில் பெரும் பகுதியை வெட்டினர். பிரித்தானியாவில் அது ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் தடைசெய்யப்பட்டிருந்தது.

கொக்கிகளால் அணிந்த மோதிரம்

இனி, எமது வினாவுக்கு நேரான விடை தந்த படத்துக்கு வருவோம். 1946 இல் வில்லியம் வைலர் நெறியாள்கை செய்த ‘த பெஸ்ற் இயேர்ஸ் ஒவ் அவர் லைவ்ஸ்’, இரண்டாம் உலகப் போரிலிருந்து ஒரே ஊருக்குத் திரும்பும் மூவரின் கதை. அவர்களுள் இளையவனான ஹோமர் என்ற கடற்படை வீரனுக்கு இரு கைகளும் இல்லை; கைகளின் இடத்தில் இரும்புக் கொக்கிகள். அப்பாத்திரத்தை ஏற்ற ஹரல்ட் ரசல் நடிகரல்லர். இராணுவத்திலே பயிற்சியாளராயிருந்தபோது, 1944 ஆம் ஆண்டு யூன் 6 ஆந் திகதி வெடிமருந்து கையிலே வெடித்ததனால் இரு கைகளையும் இழந்தவர். நேசப் படைகள் நோர்மண்டிக் கரையில் இறங்கிய அதே நாள் அது. அவர் தோன்றிய இராணுவ விவரணப் படமொன்றைக் கண்ட வைலர் அவரை அழைத்துக்கொண்டார். வைலரும் போரின்போது விமானமேறிப் படம்பிடிக்கச் சென்று ஒரு காதின் கேள்விப்புலனை இழந்து திரும்பியவர். ரசலுக்கு நடிப்புப் பயிற்சி நடப்பதை அறிந்த அவர் அதனை நிறுத்தச் செய்தார். அவருக்கு வேண்டியது பழகாத முகமே.

வீடு திரும்பும் ஹோமர் வாசலில் நின்று கையசைக்கிறான். கொக்கியைக் கண்ட தாய் தன்னையறியாது விம்முகிறாள். அந்த விம்மலே அவனைச் சுடுகிறது. அவன் தீக்குச்சியை உரசுகிறான், கண்ணாடிக் குவளையைப் பிடிக்கிறான், பியானோவும் வாசிக்கிறான். அவனால் முடியாததெல்லாம் ஒன்றே: பிறர் தன்னைப் பார்க்கும் பார்வையைத் தாங்குவது. சிறுவர்கள் சாளரத்தால் எட்டிப் பார்க்கும்போது, கொக்கிகளாற் கண்ணாடியை உடைத்து, நன்றாகப் பாருங்கள் என்று கத்துகிறான்.

அவனை விரும்பும் பெண் வில்மா. ஓரிரவு அவன் அவளைத் தன் அறைக்கு அழைத்துச் சென்று, உறங்கப்போகும் முன் கொக்கிகளைக் கழற்றிவைக்கிறான். கழற்றியபின் தன்னால் மீண்டும் அவற்றைப் பூட்ட இயலாது, கதவு சாத்திக்கொண்டால் திறக்க இயலாது, குழந்தையைப்போல் யாரையேனும் கூப்பிட வேண்டும் என்று விளக்குகிறான். இதைக் கண்டு அவள் விலகிப் போகட்டும் என்பதே அவன் எண்ணம். வில்மாவோ அமைதியாக அவனது சட்டைப் பொத்தான்களைப் பூட்டிவிடுகிறாள். போர்வையைச் சரிசெய்கிறாள். அழுகையுமில்லை, வீர வசனமுமில்லை. இறுதியிலே திருமண வைபவத்தில் அவன் அந்தக் கொக்கிகளாலேயே மோதிரத்தை எடுத்து அவள் விரலில் அணிவிக்கிறான். கை வளரவில்லை; அற்புதம் நிகழவில்லை; ஆளும் சாகவில்லை. ஆயினும் படம் முடிந்துவிட்டது, அதுவும் மங்களமாக.

இப்பாத்திரத்துக்காக ரசலுக்கு ஒஸ்கார் சபையார் இரண்டு பரிசுகள் அளித்தனர். போட்டியில் அவர் வெல்லமாட்டாரென்று கருதி, போர்வீரருக்கு நம்பிக்கையும் தைரியமும் ஊட்டியமைக்காக ஒரு சிறப்புப் பரிசை முன்கூட்டியே ஏற்பாடு செய்திருந்தனர். அவரோ சிறந்த துணை நடிகருக்குரிய பரிசையும் வென்றார். ஒரே பாத்திரத்துக்காக இரண்டு ஒஸ்கார் பெற்ற நடிகர் அவர் ஒருவரே. அதன் பின் நடந்ததையும் சொல்லவேண்டும். கையில்லாதவருக்குத் திரையில் அதிகம் வேடமிராது, கல்லூரிக்குத் திரும்பிப் படியும் என்று வைலரே அவருக்குப் புத்தி சொன்னார். ரசலும் படித்தார், அங்கவீனருக்குத் தொழில்வாய்ப்பு வேண்டிப் பல்லாண்டு உழைத்தார். அடுத்த திரைப்பட வேடம் அவருக்கு 1980 இலேதான் கிடைத்தது. பரிசு இரண்டு கொடுத்த உலகத்துக்கு வேடம் ஒன்று கொடுக்க முப்பத்துநான்கு ஆண்டுகள் பிடித்தன!

பேசாத பெண்ணின் பேச்சு

அங்கவீனமும் பெண்மையும் ஒருங்கே அமைந்தால் துயரம் இரட்டிக்கும் என்பதை 1948 இல் வந்த ‘ஜோனி பெலிண்டா’ காட்டிற்று. கனடாவின் நோவா ஸ்கோசியாவில் ஒரு தீவுக் கிராமம். காது கேளாத, வாய் பேசாத பெலிண்டாவை வீட்டார் வேலைக்காரி போலவே நடத்துகின்றனர். ஊர் வைத்தியர் அவளுக்குச் சைகை மொழி கற்பிக்கிறார். முகம் மலர்ந்துவரும் வேளையில் ஊரிலே ஒருவன் அவளைப் பலாத்காரம் செய்கிறான். அவள் தாயாகிறாள். குற்றவாளியின் பெயரை அவளாற் சொல்ல இயலாதென்ற துணிவிலே அவன் நடமாடுகிறான். ஊராரோ அவளுடைய பிள்ளையைப் பறித்து, அவனும் அவன் மனைவியும் வளர்க்கட்டும் என்று தீர்மானிக்கின்றனர்! பெலிண்டாவின் தாய்மையை நேரிற் கண்டு மனம் மாறுபவளும், இறுதியில் நியாயமன்றத்தில் உண்மையை உரைத்து அவளைக் காப்பவளும் அந்த மனைவியே.

பெலிண்டாவாக நடித்த ஜேன் வைமன் ஒரு சொல்லும் பேசாமலே ஒஸ்கார் பரிசு பெற்றார். படத்தின் முடிவில் பெலிண்டா பேச்சுப் பெறவில்லை. தன் பிள்ளையை மட்டும் பெற்றாள். இதனால் இப்படத்தையும் ‘மூன்றாவது வாசல்’ திறந்த படங்களோடு சேர்க்கலாம்.

1962 இல் வந்த ‘த மிறக்கிள் வேக்கர்’ சிறுமி ஹெலன் கெல்லரையும் ஆசிரியை ஆன் சலிவனையும் பற்றியது. சாப்பாட்டு மேசையில் இருவரும் மல்லுக்கட்டும் நீண்ட காட்சியில், இரக்கம் எவ்வாறு ஒரு பிள்ளையைக் கெடுக்கும் என்பதைச் சொல்லின்றியே உணர்கிறோம். நீர்ப்பம்பின் அடியில் ஹெலன் முதற் சொல்லை அறியும் காட்சியோடு படம் நிறைவெய்துகிறது. உண்மையில் அவரது வாழ்க்கை அங்கேதான் தொடங்கிற்று. 1904 இல் பட்டம் பெற்று, நூல்கள் எழுதி, பெண்களின் வாக்குரிமைக்காகவும் தொழிலாளருக்காகவும் குரல் கொடுத்த அந்தப் பெண்மணியைப் பெரும்பாலான மாணவர் அறியார். அவர்கள் அறிந்ததெல்லாம் தண்ணீரில் கைவைத்த சிறுமியையே. திரைப்படத்தின் வலிமையும் குறையும் இதுதான்.

யாருக்காக யார் நடிப்பது?

கண்ணுள்ளவர் பார்வையற்றவராகவும் செவியுள்ளவர் செவிடராகவும் நடிப்பதில் என்ன பிழை, நடிப்பென்பதே பிறராவதுதானே என்று சிலர் கேட்பர். கேள்வி நியாயமானதே. எவரும் எவ்வேடமும் ஏற்கலாம் என்ற நிலை இருப்பின் குறைசொல்ல இடமில்லை. அந்நாளில் வாசல் ஒரு பக்கத்தாருக்கு மாத்திரமே திறந்திருந்தது. இன வேறுபாட்டிலும் இதுவே நிகழ்ந்தது. சீனக் குடியானவரின் கதையான ‘த குட் ஏர்த்’ 1937 இல் படமானபோது, அமெரிக்காவிற் பிறந்த சீன நடிகை அன்னா மே வொங்குக்கு நாயகி வேடம் மறுக்கப்பட்டது. கணவனாக வெள்ளையர் நடிப்பதால், வேற்றினத்தார் தம்பதியராகத் தோன்றலாகாது என்ற தணிக்கை விதி குறுக்கே நின்றது. சீனப் பெண்ணாக வேடமிட்ட லுயிஸ் ரெயினர் அதற்கு ஒஸ்கார் பரிசும் பெற்றார். ‘கோன் வித் த விண்ட்’ படத்தில் வேலைக்காரியாக நடித்த ஹற்றி மக்டானியல், 1940 இல் ஒஸ்கார் வென்ற முதலாவது கறுப்பினத்தவர். அந்த விருந்து மண்டபத்தில் அவருக்கெனத் தனி மேசை ஒதுக்கப்பட்டிருந்தது. அதற்கு முன், 1939 டிசெம்பரில், அற்லாண்டா நகரிலே நடந்த முதற் காட்சிக்கு அவராற் செல்லவும் இயலவில்லை.

செவிப்புலனற்ற ஒருவர் தம்மவரின் பாத்திரத்தில் நடித்து ஒஸ்கார் பெற 1987 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ‘சில்ரன் ஒவ் ஏ லெசர் கோட்’ என்ற படத்துக்காக மார்லி மற்லின் அப்பரிசைப் பெற்றார்.

எம்மவர் கண்ட திரை

எமது வீடுகளில் எல்லோரும் அறிந்த படங்களையும் இதே வினாவோடு பார்த்தல் தகும். 1954 இல் வந்த ‘இரத்தக்கண்ணீர்’ படத்தில் எம். ஆர். ராதாவின் நடிப்பை வியக்காதார் இல்லை. ஆனால் அப்படத்திலே தொழுநோய் ஒழுக்கக்கேட்டுக்குக் கிடைத்த தண்டனையாக வருகிறது. தொழுநோய் ஒரு கிருமியினால் வருவது என்று ஹன்சன் என்ற நோர்வே வைத்தியர் கண்டறிந்தது 1873 இல். படம் வெளிவந்த காலத்தில் அதற்கு மருந்தும் இருந்தது. ஆயினும் மட்டக்களப்பு வாவியிலே மாந்தீவுக்கு அனுப்பப்பட்ட நோயாளரின் உறவினர் எத்தனை பேர், அவர் செய்த பாவம் யாதோ என்று ஊரார் கிசுகிசுப்பதைக் கேட்டிருப்பர்! ஒரு பெருநடிகரின் திறமை அந்தக் கிசுகிசுப்புக்கு வலுவூட்டியது என்பதை வருத்தத்தோடு சொல்லவேண்டியுள்ளது.

1959 இல் வந்த ‘பாகப்பிரிவினை’யில் கையுங் காலும் செயலற்ற கண்ணையனாகச் சிவாஜி கணேசன் நடித்தார். அவன் கோமாளியுமல்லன், கொடியவனுமல்லன்; உழைப்பவன், மணம் செய்பவன், தந்தையாகுபவன். தமிழ்த் திரையில் இது பெரியதொரு முன்னேற்றம். எனினும் அம்மம்மா சொல்லியபடியே, கையுங் காலும் குணமாகிய பின்னர்தான் படம் முடிகிறது.

இலங்கையின் சொந்தப் படமொன்று இவ்விடயத்தில் வேறுபட்டுச் சிந்தித்தது. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 1956 இல் எடுத்த ‘ரேகாவ’, அடுத்த ஆண்டு கான் விழாவில் போட்டிக்குச் சென்ற சிங்களப் படம். திடீரெனப் பார்வை இழந்த சிறுமி, தோழனான சிறுவனின் கை பட்டதும் பார்வை பெறுகிறாள். இங்கும் சுகம் வருகிறதே என்பீர்கள். ஆனால் இங்கே சுகம் கதையின் முடிவன்று, தொல்லையின் தொடக்கம். தந்தை அச்சிறுவனை வைத்துப் பணம் தேடுகிறான். ஊரார் நோயாளரோடு திரள்கின்றனர். மற்றொரு பிள்ளை இறந்துபோகவும், மழை பொய்க்கவும், தெய்வமென்று கொண்டாடிய அவனையே பழிக்கின்றனர். அற்புதத்துக்காக ஏங்கும் ஊர் எவ்வளவு கொடியதாகலாம் என்பதை அப்படம் காட்டிற்று.

எமது முற்றத்து ஹோமர்கள்

இவையெல்லாம் பழங்கதையென்று தள்ளிவிடுவதற்கில்லை. 2009 இல் முடிந்த நீண்ட போர், காலிழந்தோரையும் கையிழந்தோரையும் பார்வையிழந்தோரையும் எமது ஊர்கள்தோறும் விட்டுச்சென்றது. அவர்களுக்குச் சுகம் வந்து படம் முடியப்போவதில்லை. அவர்கள் வீதியிலே வரும்போது விம்முபவரும் உண்டு. சாளரத்தால் எட்டிப் பார்ப்பவரும் உண்டு. வில்மாவைப் போல் அமைதியாகப் பொத்தானைப் பூட்டிவிடுவோர் எத்தனை பேர்? அங்கவீனரின் உரிமைகளைக் காக்க 1996 இல் இந்நாட்டில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையும் 2016 இல் ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஆனால் பார்வையைத் திருத்தும் சட்டம் எங்குமில்லை. அதனை வீடும் பள்ளியும் கதைகளுமே செய்யவேண்டும்.

ஆகவே பெற்றோருக்கு ஒன்று கூறுவோம். பழைய படங்களைப் பிள்ளைகளிடமிருந்து ஒளிக்கவேண்டியதில்லை. கூடவிருந்து பாருங்கள். இவர் எதற்காகச் சிரிக்கப்படுகிறார், இவருக்குத் தொழிலும் தோழரும் உண்டா, சுகம் வராதிருந்தால் இக்கதை எப்படி முடிந்திருக்கும் என்று கேளுங்கள். மாணவர்களும் தம் திரைப்பட மன்றங்களில் இவ்வினாக்களை எழுப்பிப் பார்க்கலாம்.

நாமும் ஒரு சிறு முயற்சி செய்தோம். சில வாரங்களின் பின் அதே வீட்டுக்குச் சென்று, அப்பாலகனோடு அமர்ந்து வைலரின் படத்தைப் பார்த்தோம். ஆங்கிலம் விளங்காத இடங்களை மெல்ல எடுத்துச் சொன்னோம். கொக்கிகள் மோதிரத்தைப் பற்றியபோது அவன் முழந்தாளில் எழுந்து நின்றான். படம் முடிந்ததும் சிறிது யோசித்துவிட்டு, “அம்மம்மா, அவருக்குக் கை வரேல்லை. ஆனாலும் படம் முடிஞ்சிட்டுது” என்றான்.

அம்மம்மா விடை சொல்லவில்லை. அவனுடைய சப்பாத்தை எடுத்து, அவன் தானே பூட்டிக்கொள்ளும்படி அருகில் வைத்தார்.